மீன் தொட்டிக்குள் ஒரு கடல்



வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கடல் அதிகத் தொலைவில் இல்லை. அந்தக் கடலில் ஒரு சிறு பகுதியை வீட்டிலோ பள்ளியின் அறிவியல் அறையிலோ கண்ணாடித் தொட்டியில் வைத்து, ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன்கள் நீந்துவதைக் காண வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் இதுவும் அதைப் போன்றதே என எண்ணலாம். ஆனால் கடல் மீன் தொட்டி கண்டிப்பானது. அதன் உயிர்களைக் காக்கும் வேலைகளுள் முதன்மையானது நீர் மாற்றுதல். அந்த வேலையைச் சிறிய இயந்திரம் ஒன்று நாள்தோறும் தானே செய்யுமாறு அமைப்பது எப்படி, அதில் நாம் கண்ணும் கருத்துமாய் இருக்க வேண்டிய இடம் எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிறிது வரலாறு

பொதுமக்கள் பார்ப்பதற்கென அமைந்த முதல் மீன் காட்சியகம் 1853-ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை அறிஞர், உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். 1871-இல் இலண்டனின் கிரிஸ்டல் பேலசில் காட்சியகம் அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை வெளிச்சம் படாத இடத்தில் கட்டி, அதிலிருந்து நீரை இடைவிடாமல் சுழலச் செய்தார். கண்ணுக்குத் தெரியும் தொட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத நீர் ஏராளமாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியது சென்னை. எட்கர் தர்ஸ்டனின் திட்டப்படி எழுந்த இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சியகம் 1909-இல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அது மூடப்பட்டது. பின்னர் 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் முறையை வகுத்துள்ளனர். ஆகவே இன்று கடலில் பிடித்த மீனை வாங்காமல், தொட்டியில் பிறந்த மீனையே வாங்கி வளர்க்க முடிகிறது. கடல்குதிரையும் கல்பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வந்து வளர்ப்பது குற்றமாகும்.

நீரை ஏன் மாற்ற வேண்டும்?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கற்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நம் வயல் மண்ணில் நடைபெறுவதாகப் பாடத்தில் படித்த அதே நைட்ரஜன் சுழற்சிதான் இது. வயலில் அந்த நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியிலோ உறிஞ்சுவார் இல்லை. நைட்ரேட் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். மற்றொரு புறம், கால்சியம் போன்ற சத்துகள் குறைந்துகொண்டே வரும். பழைய நீரில் ஒரு பகுதியை எடுத்துப் புதிய கடல் நீரை ஊற்றினால் இரண்டு குறைகளும் தீரும்.

ஏரி கற்பிக்கும் பாடம்

பாகூர் ஏரியைப் பாருங்கள். பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது; மதகு வழியே வயலுக்குப் போகிறது; மிகுந்தால் கலிங்கல் வழியே வழிகிறது. வரத்தும் போக்கும் இருப்பதால் ஏரி நீர் நன்னீராகவே இருக்கிறது.

இனி, வேதாகம வரலாற்றில் நாம் அறிந்த இரு நீர்நிலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். யோர்தான் நதி கலிலேயக் கடலுக்குள் புகுந்து, மறுபுறம் வெளியேறுவது அதன் இயற்கை. ஆகவே அங்கே மீன்கள் வாழ்கின்றன. அதே நதி நீர் சாக்கடலை அடைந்தபின் வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாவது ஒன்றே வழி. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் சாக்கடலின் உவர்ப்பு மற்றக் கடல்களைப் போல ஏறத்தாழப் பத்து மடங்காகிவிட்டது. அங்கே மீன் வாழ்வதில்லை.

நம் தொட்டியிலும் இதுவே நடக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம். அதில் 5 லிட்டர் ஆவியானால் எஞ்சிய 95 லிட்டரில் அதே 3,500 கிராம் இருக்கும். உவர்ப்பு 36.8 ஆக உயரும். எனவே ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரை ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றக் கூடாது. எடுத்துவிட்ட நீருக்கு ஈடாக உப்பு நீரை ஊற்ற வேண்டும். நன்னீரை ஊற்றக் கூடாது. இவ்விரண்டு ஈடுகளையும் ஒன்றோடொன்று குழப்பாதிருப்பதே இக்கலையின் அடிப்படை.

தேவையான பொருள்கள்

கல்லும் மணலும் போக 100 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை:

1. புதிய கடல் நீர் வைக்க, மூடியுள்ள 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அதனுள் நீரைக் கலக்க ஒரு சிறு பம்பு.

2. பழைய நீர் சேர 60 லிட்டர் டிரம் ஒன்று. இது முதல் டிரம்மைவிடப் பெரிதாக இருப்பது நல்லது. அப்போது எது பழுதானாலும் தரையில் நீர் வழிவதற்கு வாய்ப்புக் குறையும்.

3. ஒரே மோட்டாரில் இரண்டு தலைகள் கொண்ட டோசிங் பம்பு. இதற்குள் உருளைகள் சுழன்று ஒரு ரப்பர் டியூபை அழுத்தி அழுத்தி நீரை முன்னே தள்ளும். நாம் விழுங்கிய உணவை உணவுக்குழல் தள்ளிச் செல்லும் அலையியக்கமும் இதே வகைதான். ஒரு தலை பழைய நீரை வெளியேற்றும். மற்றொன்று அதே நேரத்தில் புதிய நீரைக் கொண்டுவரும்.

4. நன்னீர்க் கலம் ஒன்றும், நீர் மட்டம் தாழ்ந்தால் நன்னீரைத் திறந்துவிடும் மிதவை ஒன்றும்.

5. உவர்ப்பை அளக்கும் கருவி, இரண்டு அளவுக் குவளைகள், நேரக் கட்டுப்பாட்டுக் கருவி.

கடல் நீர் தயாரித்தல்

சமையல் உப்பையோ, மரக்காணம் உப்பளத்து உப்பையோ கரைத்தால் கடல் நீர் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. கடலில் கரைந்துள்ள உப்புகளில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து ஏறக்குறைய 86 விழுக்காடு. மற்றவை சல்ஃபேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. உப்பளப் பாத்தியில் படிவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மக்னீசியத்தின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. பிரித்ததை மீண்டும் சேர்க்காமல் கடலைப் பெற முடியாது. ஆகவே மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவையையே வாங்க வேண்டும்.

கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஏற்கெனவே பல உப்புகளைக் கொண்டவை. சுத்திகரித்த ஆர்.ஓ. நீரே ஏற்றது. 50 லிட்டர் நீரில் 1,750 கிராம் அளவில் கலவையைச் சிறிது சிறிதாகத் தூவி, ஒரு நாள் முழுதும் கலக்கவிட்டு, பிறகு உவர்ப்பை அளந்து சரிசெய்ய வேண்டும். கலவையில் ஈரம் இருப்பதால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். கடற்கரையில் நீர் மொண்டு வரலாம் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கராபரணி போன்ற ஆறுகள் பெருகிக் கடலில் கலக்கும்போது கரையோர நீர் நீர்த்துப்போகும், கலங்கியும் இருக்கும்.

அமைக்கும் முறை

நாளொன்றுக்கு 2 லிட்டர் மாற்றுவதாகக் கொள்வோம். அதை 24 பங்காக்கி மணிக்கு ஒரு முறை சுமார் 83 மில்லி லிட்டர் வீதம் மாற்றுமாறு நேரக் கருவியை அமைக்கலாம். 50 லிட்டர் டிரம் 25 நாள் வரும்.

வெளியேற்றும் டியூபின் முனையை வழக்கமான நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வைக்க வேண்டும். பம்பு நிற்காமல் ஓடினாலும் தொட்டி வற்றாமல் இருக்க இதுவே காவல். புதிய நீர் வரும் டியூபின் முனை நீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் தொட்டி நீர் பின்னோக்கி இறங்கிவிடலாம். இரண்டு முனைகளும் தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், வந்த புதுநீரே உடனே வெளியேறும் வீண் நேராது.

கணக்கு என்ன சொல்கிறது?

சிறிது சிறிதாக மாற்றினால் அதிகக் கழிவு நீங்கும் என்று சிலர் எண்ணுவர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 100 லிட்டரில் 30 லிட்டரை ஒரே முறையில் மாற்றினால் நைட்ரேட்டில் 30 விழுக்காடு போகும். நாளுக்கு ஒரு லிட்டராக 30 நாள் மாற்றினால் 26 விழுக்காடே போகும். ஏனெனில் நேற்று ஊற்றிய புதுநீரிலும் ஒரு சிறு பங்கு இன்று வெளியேறுகிறது.

பின் தானியங்கி முறையால் என்ன பயன்? சீர்மைதான் பயன். தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு அரை மில்லி கிராம் நைட்ரேட் சேர்வதாகக் கொள்வோம். மாதம் ஒருமுறை 30 லிட்டர் மாற்றினால், நாளடைவில் அதன் அளவு 35-க்கும் 50-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நாள்தோறும் 2 லிட்டர் மாற்றினால் 25-இல் வந்து நிலைத்துவிடும். நீர் இரு மடங்கு செலவானாலும், திடீர் மாற்றம் என்பதே இல்லை. கடலில் வாழும் உயிர்கள் மாறாத நிலைக்குப் பழகியவை. அவற்றை வாட்டுவது பெரும்பாலும் திடீர் மாற்றமே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

இனிச் சொல்வதை மிகவும் கவனிக்க வேண்டும். டியூப்கள் நாளடைவில் தேயும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தேயலாம். நாளுக்கு 2 லிட்டர் வெளியே போய், 1.6 லிட்டரே உள்ளே வருவதாகக் கொள்வோம். தொட்டியில் நீர் குறையுமா? குறையாது. மிதவை உடனே நன்னீரைத் திறந்து குறையை நிரப்பிவிடும். பார்ப்பவர்க்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் 35 ஆக இருந்த உவர்ப்பு ஒரு மாதத்தில் 32-க்கு அருகில் வந்துவிடும். கவனியாமல் விட்டால் 28 வரை இறங்கும்.

மறுதலையாக, 1.6 லிட்டர் போய் 2 லிட்டர் வந்தால், ஆவியாகும் நீரின் இடத்தை உப்பு நீர் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் உவர்ப்பு 38-ஐத் தாண்டும். இரு நிலையிலும் நீர் மட்டம் மாறாது. உப்பு மட்டுமே மாறும். நீர் மட்டத்தைப் பார்த்து மன நிறைவு கொள்பவர் ஏமாந்துபோவார்.

ஆகவே வாரம் ஒருமுறை உவர்ப்பை அளந்து சுவடியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை பம்பின் இரு டியூப்களையும் இரண்டு அளவுக் குவளைகளில் விட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். வேறுபாடு கண்டால் இரண்டு டியூப்களையும் ஒருங்கே மாற்றுங்கள். தேய்ந்ததை மட்டும் மாற்றினால் மீண்டும் வேறுபாடு தோன்றும். மின்சாரம் நின்றால் இரு தலைகளும் சேர்ந்தே நிற்கும் என்பதால் நீர் மாற்றத்துக்குக் கேடில்லை. ஆனால் மீன்களுக்குக் காற்று வேண்டும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அருகில் இருக்கட்டும்.

வெளியேறிய நீர் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நாளுக்கு 2 லிட்டரில் 70 கிராம் உப்பு. ஓராண்டில் 25½ கிலோ! அதைக் கொல்லையில் கொட்டினால் வாழையும் கீரையும் வாடும். வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் வயலுக்குப் போகும். கிணற்றருகே ஊற்றினால் குடிநீரில் இறங்கும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற மண். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அளவு மீறி இறைத்ததால் உப்பு நீர் உட்புகும் கவலை முன்னமே இருக்கிறது. நம் வீட்டு அழகுக்காக அந்த மண்ணில் நாமும் உப்பைச் சேர்க்கலாமா?

வழி எளிது. உப்பளத்தாரைப் போலச் செய்யுங்கள். மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் பழைய நீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். படியும் உப்பைச் சுரண்டிச் சாக்கில் கட்டி, குப்பை எடுப்பவரிடம் விவரம் சொல்லி ஒப்படைக்கலாம். அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. மழைக்காலத்தில் தட்டுகளை மூடி வைக்க வேண்டும். அக்காலத்தில் நாளுக்கு 1 லிட்டராகக் குறைத்து, மீனுக்குத் தரும் உணவையும் குறைத்துக்கொள்ளலாம்.

தோழியரே, இயந்திரம் நம் கைவேலையைக் குறைக்கும், கவனத்தைக் குறைக்காது. சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். மணிக்கு 83 மில்லி லிட்டர் நன்மையும் அப்படித்தான் சேரும். மணிக்குச் சில மில்லி லிட்டர் பிழையும் அப்படித்தான் சேரும். எது சேர்கிறது என்பதை வாரந்தோறும் அளந்து எழுதும் சுவடியே நமக்குச் சொல்லும். தொட்டி வாங்குமுன் அந்தச் சுவடியை வாங்கிவிடுங்கள்.