கால்நடைக் காட்சி மண்டபங்களில் எஞ்சி நிற்கும் நோய்க்கிருமிகள்

கால்நடைக் காட்சி முடிவுற்றதும் மாடுகள் வீடு திரும்பும், சாணம் அள்ளப்படும், தரை கூட்டப்படும். சில நாட்களுள் அதே மண்டபம் வேறொரு வைபவத்துக்கு வழங்கப்படுதலும் உண்டு. விலங்குகள் போய்விட்டமையால் அவற்றோடு வந்த தீங்கும் போய்விட்டதெனக் கருதுதல் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நிகழ்ந்த சம்பவமொன்று இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

2001ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் லொரெயின் மாவட்டப் பொருட்காட்சிக்குச் சென்றோருள் 23 பேர் ஈ. கோலை ஓ157 என்னும் பற்றீரியாவினாற் பீடிக்கப்பட்டனர். நோயுற்றோரையும் நோயுறாதோரையும் ஒப்பிட்டு விசாரித்தபோது ஒரு கட்டடமே ஐயத்துக்கு இடமாயிற்று. முந்திய வாரத்தில் விலங்குகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அக்கட்டடத்திற் பின்னர் நடனமொன்று நடைபெற்றது. நடனத்துக்குச் சென்றோர், தரையிற் கிடந்த மரத்தூளைக் கையாண்டோர், அங்கே உண்டோர், பருகியோர் ஆகியோரிடையே நோய் மிகுந்து காணப்பட்டது. இவற்றுள் எதற்கும் மாட்டைத் தொடவேண்டிய அவசியம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆறு வாரங்களின் பின் அக்கட்டடத்திற் பெறப்பட்ட 54 மாதிரிகளுள் 24இல் இவ்வகை நச்சை உண்டாக்கும் கோலைப் பற்றீரியாக்கள் வளர்ந்தன. நோயாளரிடம் காணப்பட்ட அதே கிருமி மரத்தூளில் மாத்திரமன்றிக் கூரையின் கைமரங்களிலும் இருந்தது. தரையிற் கிடந்த அழுக்குக் கைமரம் வரை ஏறியது எவ்வாறு? உலர்ந்த சாணமும் மரத்தூளும் மிதிபட்டுத் தூசியாய்க் கிளம்பியிருத்தல் வேண்டும். பனிக்காலம் முழுவதும் கழிந்து, 42 வாரங்களின் பின் எடுத்த மரத்தூளிலும் அக்கிருமி உயிருடன் இருந்தது.

மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் குடலில் வாழும் இக்கிருமி அவற்றுக்கு நோயெதனையும் உண்டாக்குவதில்லை. ஆதலாற் கொழுத்து மினுங்கும் பரிசு மாடும் இதனைச் சுமந்து வரலாம். கண்ணாற் பார்த்துத் தெரிவுசெய்தல் பயன்தராது. மனிதருக்கோ மிகச் சில கிருமிகளே போதும். இரத்தங் கலந்த வயிற்றோட்டம் உண்டாகும். சிறு பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரகமும் செயலிழக்கும். 2002ஆம் ஆண்டில் ஒரேகன் மாநிலத்தின் லேன் மாவட்டப் பொருட்காட்சியில் ஆட்டு மண்டபத்தோடு தொடர்புற்று 82 பேர் நோயுற்றனர்.

மண்டபத்தைத் துப்புரவு செய்வோர் பெரும்பாலும் உலர்ந்த தரையைத் தும்புத்தடியாற் கூட்டியே தொடங்குவர். இது தூசியை மேலெழுப்பும் செயலாகும். முதலிற் சிறிது நீர் தெளித்து ஈரப்படுத்தி, வைக்கோலையும் மரத்தூளையும் முற்றாக அகற்றுதல் வேண்டும். அம்மரத்தூளை அடுத்த காட்சிக்கென மூலையிற் குவித்து வைத்தல் சிக்கனமன்று. பின்னர், ஒட்டியிருக்கும் சாணத்தைச் சுரண்டி, மேலிருந்து கீழாகச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி உலரவிடுக. வேகமாக நீரைப் பீய்ச்சினால் அழுக்கு நுண்துளிகளாய்ச் சிதறி மற்றைய இடங்களிற் படியும். தொற்றுநீக்கி இடுதல் இவற்றின் பின்னரே. சாணத்தின் மேல் வெளிற்றும் தூளைத் தூவிவிட்டு மனநிறைவு கொள்வோர் பலர். அத்தூளின் வலு சாணத்திலேயே செலவாகிவிடும், அதனடியிலுள்ள கிருமி தப்பிவிடும்.

சீமெந்துத் தரையை இவ்வாறு கழுவலாம். மண் தரையையும் வெடிப்புற்ற மரத்தையும் முற்றாகத் துப்புரவாக்குதல் அரிது. அத்தகைய கொட்டகைகளை விருந்துக்கோ பிள்ளைகளின் விளையாட்டுக்கோ வழங்காதிருத்தலே நன்று.

காட்சி நடைபெறும் நாட்களிற் சிற்றுண்டிக் கடைகள் விலங்குகள் நிற்கும் இடத்துக்கு அப்பால் அமைதல் வேண்டும். ஓடும் நீரும் சவர்க்காரமும் மக்கள் வெளியேறும் வாயிலிலே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருத்தல் அவசியம். சாணம் பட்ட கைக்கு மதுசாரத் திரவம் பூசுதல் கழுவுதலுக்கு ஈடாகாது. குழந்தைகளின் பாற்போத்தல், சூப்பி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை மண்டபத்தினுள் கொண்டுசெல்ல விடலாகாது. நிலத்தில் விழுந்த சூப்பியைத் தாய்மார் உடையில் துடைத்து மீண்டும் கொடுப்பதை எந்தக் காட்சியிலும் காணலாம்.