தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கப் போகிறீர்களா? பாதுகாப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலோரத்தில் தூண்டில் போடப் பழகியவர்களுக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வரும். பாறையில் சிக்கி அறுந்துபோகும் குண்டுகளுக்குக் கடையில் காசு கொடுப்பானேன், நாமே வார்த்தால் என்ன? தாராளமாக வார்க்கலாம். ஆனால் ஈயம் உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் பாதி வேலை. வரிசையாகப் பார்ப்போம்.

எதில் ஆபத்து?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மிதமான சூட்டில் ஆவி குறைவு. 500 டிகிரியை நெருங்கினால் புகை கூடும்.

புகையைவிடக் கைதான் பெரிய வழி. உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல்நிறக் கசடு காய்ந்தால் மாவாகப் பறக்கும். அது விரலில் ஒட்டி, டீக்கடை வடையோடு வயிற்றுக்குள் போய்விடும். குழந்தைகளின் உடல் நம்மைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். உள்ளே போனது எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும்.

எங்கே உருக்குவது?

திறந்தவெளியில் மட்டும். சமையலறையும் அடுக்குமாடி பால்கனியும் கூடாது. காற்று நம் பக்கவாட்டில் வீசும்படி நிற்போம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

முதல் செலவு முகக்கவசம். மூக்கையும் வாயையும் இறுக மூடும் ரப்பர் கவசமும் நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டிகளும் சேர்த்து, தோராயமாக 2,000 முதல் 4,000 ரூபாய். துணி மாஸ்க் உதவாது.

அடுத்து, உலோகக் கம்பியை உள்ளே நுழைத்து அளக்கும் வெப்பமானி. தூரத்திலிருந்து அளக்கும் லேசர் வகை, பளபளக்கும் ஈயத்தில் தவறாகக் காட்டும். பிறகு தோல் கையுறை, கண்ணாடி, மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை. பழைய இரும்பு வாணலியும் கரண்டியும் போதும். அவை மறுபடி சமையலுக்குத் திரும்பக் கூடாது.

எப்படி உருக்குவது?

1. கரையில் பொறுக்கிய குண்டுகளை நன்றாகக் காயவைப்போம். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போனாலும் நீராவியாக வெடித்து, ஈயம் முகத்தில் தெறிக்கும்.

2. காய்ந்த துண்டுகளை, வாணலி குளிர்ந்திருக்கும்போதே போட்டு, பிறகு அடுப்பை ஏற்றுவோம்.

3. குண்டு வார்க்கும் அச்சையும் லேசாகச் சூடாக்கி ஈரம் போக்குவோம்.

4. சூட்டை 400 டிகிரிக்குள் வைத்து, கசடை மெதுவாக ஒதுக்கி, மூடியுள்ள தகரடப்பாவில் போடுவோம்.

5. மெல்ல ஊற்றி, இறுகும்வரை காத்திருப்போம்.

முடிந்த பிறகு?

துடைப்பம் வேண்டாம், பெருக்கினால் தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டுவோம். முகக்கவசத்தைக் கடைசியில் கழற்றுவோம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவிய பிறகே தண்ணீர்கூடக் குடிப்போம். சானிடைசர் ஈயத்தை அகற்றாது. உடுப்பைத் தனியாகத் துவைப்போம். ஷூவை வாசலிலேயே விடுவோம். கசடைக் குப்பையிலோ தோட்டத்திலோ கொட்டாமல், அங்கீகாரம் பெற்ற ஈய மறுசுழற்சியாளரிடம் கொடுப்போம்.

உஷார்!

பழைய பேட்டரித் தகடு இலவசமாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். அதில் அமிலம் இருக்கும். ஆர்சனிக், ஆண்டிமணி கலந்திருந்தால் நச்சுவாயு கிளம்பும்.

சின்ன ஈயமணியைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் அழுத்தும் பழக்கத்தை இன்றே விடுவோம்; குறடு போதும். குண்டுப் பெட்டியும் சாப்பாட்டுப் பையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

சின்னக் குண்டுகளுக்கு இரும்பு நட்டும் கூழாங்கல்லும் நல்ல மாற்று. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால், 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையை பிரிட்டன் 1987இல் தடைசெய்தது.

ரத்தப் பரிசோதனை எப்போது?

தொடங்கும் முன் ஒருமுறை, சில மாதங்கள் வார்த்த பிறகு ஒருமுறை, ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுவோம். ஈய நஞ்சு பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ காட்டாமல் ஏறும். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு வரும்போது தாமதமாகியிருக்கும்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டால் காரணத்தைக் கண்டறியச் சொல்கிறது. அப்படி வந்தால் வார்ப்பதை நிறுத்தி, மருத்துவரைப் பார்த்து, கை கழுவியதிலா, கவசத்திலா, உடுப்பிலா எங்கே விட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். அளவு இறங்கும்வரை கடைக்குண்டே போதும்.