எண்ணைக் காத்தல்

நெல்லைக் குவித்தவன் களஞ்சியத்திற்குக் கதவு அமைக்கின்றான். பொன்னைச் சேர்த்தவன் பெட்டிக்குப் பூட்டு இடுகின்றான். மக்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வைக்கும் அரசுக்கும் இத்தகைய கடமை ஒன்று உண்டு. திரட்டியதைக் காத்தலே அக்கடமையாகும்.

நீலகிரி மாவட்டத்தில், கூடலூர் வட்டத்தில், ஸ்ரீமதுரை என்னும் ஊர் உள்ளது. அங்கு வாழும் முதியவர் ஒருவர் உதவித்தொகை பெற விண்ணப்பிக்கின்றார் எனக் கொள்வோம். அவரிடம் ஆதார் எண் கேட்கப்படுகின்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் அவ்வெண்ணோடு இணைக்கப்படுகின்றது. பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட இவ்வெண், 2010 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள், மகாராட்டிர மாநிலத்தின் தெம்பிலி என்னும் சிற்றூரில் முதன்முதலாக வழங்கப்பெற்றது. ஒருவருக்கு அளித்த எண் அவர் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அது பிறர் எவருக்கும் அளிக்கப்படுவதில்லை.

வெறும் எண்ணால் விளையும் கேடு யாது? பெயரும், முகவரியும், வங்கிக் கணக்கும் அதனோடு சேர்ந்து தீயோர் கையில் அகப்படின் கேடு விளையும். வஞ்சகன் ஒருவன் வங்கி அலுவலர் போலத் தொலைபேசியில் பேசுவான். அவ்விவரங்களை அவன் தவறின்றிச் சொல்லக் கேட்ட முதியவர், அவனை உண்மை அலுவலர் என்றே நம்புவார். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கூறிப் பொருளை இழப்பார்.

இத்தகைய விவரங்களை அரசு அலுவலகங்களே வெளியிட்டதும் உண்டு. 2017 ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜார்க்கண்டு மாநில அரசின் இணையதளம் ஒன்றில், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஓய்வூதியரின் ஆதார் எண்கள் யாவரும் காணுமாறு கிடந்தன. மத்திய, மாநில அரசுகளையும் கல்வி நிறுவனங்களையும் சார்ந்த ஏறத்தாழ 210 இணையதளங்களில் இவ்வாறு நேர்ந்தது என ஆதார் ஆணையமே அவ்வாண்டில் தெரிவித்தது; பின்னர் அவை நீக்கப்பட்டன. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடலாகாது என 2016 ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

அங்ஙனமாயின், பயனாளிகளின் பட்டியலையே மறைத்துவிடலாமா? ஆகாது. இறந்தவர் பெயரில் எவரேனும் பணம் பெறுகின்றனரா என்று ஊரார் ஆராய்ந்தறிய அப்பட்டியல் வேண்டும். ஆயின், அதற்குப் பெயரும் ஊரும் தொகையும் போதும். ஆதார் எண் வேண்டுவதில்லை. அரசின் கணக்கு திறந்திருத்தல் வேண்டும். குடிமகனின் எண் மூடியிருத்தல் வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிற நாட்டாரும் இவ்வுண்மையைப் பட்டே உணர்ந்தனர். அமெரிக்க நாட்டில் முதியோர் மருத்துவ உதவி அட்டைகளில் சமூகப் பாதுகாப்பு எண் நெடுங்காலம் அச்சிடப்பெற்றது. அதனைத் தீயோர் கவர்வது கண்டு 2015 ஆம் ஆண்டு சட்டம் இயற்றினர். 2018 முதல் வேறு எண் பொறித்த புதிய அட்டைகளை வழங்கினர்.

நம் நாட்டில், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார்ப் படியையும் இப்பொழுது பெறலாம். ஆதார் எண்ணுக்கு மாற்றாகப் பயன்படும் பதினாறு இலக்கத் தற்காலிக எண்ணும் உண்டு.

ஆதலின், எவரேனும் ஆதார்ப் படியைக் கேட்குமிடத்து, அஃது எதன்பொருட்டு வேண்டும் என்று பணிவுடன் வினவுதல் நன்று. மறைத்த படி போதுமாயின் அதனையே தருதல் வேண்டும். எழுத்தறியாத முதியோர்க்கு இதனை எடுத்துரைத்தல் கற்ற மாணவர் கடன். கேட்பது குடிமகனின் உரிமை. காப்பது அரசின் கடமை.