கழிவில் கண்ட வாய்ப்பு

நுழையும்முன்

ஒரே பொருளைப் பலர் பார்க்கின்றனர். சிலரே அதில் தொழிலைக் காண்கின்றனர். நிலத்தோடு பழகிய உழைப்பாளருக்கு அந்தப் பார்வை எவ்வாறு வாய்க்கிறது என்பதைப் பொள்ளாச்சிப் பகுதியின் தென்னைநார்த் தொழில் உணர்த்துகிறது.

குவிந்து கிடந்த சுமை

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் பழுப்புத் தூளே நார்க்கழிவு. லிக்னின் மிகுந்திருப்பதால் இஃது எளிதில் மட்குவதில்லை. முன்பு ஆலைகளின் அருகே இது மலைபோல் குவிந்து கிடந்தது. காற்றில் பறந்து கண்ணை உறுத்தியது. மழையில் ஊறிய சாயநீர் நிலத்தில் இறங்கியது. ஆலைக்கு அது சுமை, ஊருக்குத் தொல்லை.

இரண்டு அறிவுகளின் இணைப்பு

தென்னையைச் சுற்றி மட்டைகளைப் புதைத்தால் கோடையிலும் ஈரம் தங்கும் என்பது தோப்பில் உழைப்போர் அறிந்த செய்தி. நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஏற்கும். நெதர்லாந்து போன்ற நாடுகளில் மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் பசுமைக்குடில்களுக்கோ ஈரம் காக்கும் ஊடகம் தேவைப்பட்டது. ஓரிடத்துக் கழிவையும் வேறோர் இடத்துத் தேவையையும் இணைத்துக் காண்பதே வாய்ப்பறிதல். பிறர் காணத் தவறியதைக் காணும் இவ்விழிப்பையே தொழில்முனைவின் அடிப்படையாகப் பொருளியலறிஞர் இசுரேல் கிர்சுனர் 1973இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்று நார்க்கழிவு நன்னீரில் கழுவி உப்பு நீக்கப்பட்டு, களத்தில் உலர்த்தப்பட்டு, 5 கிலோ கட்டிகளாக ஏற்றுமதியாகிறது.

அறிதலும் அடைதலும்

வாய்ப்பை அறிவது ஒன்று, அடைவது மற்றொன்று. களத்தில் தூளைக் கிளறி உலர்த்தும் கூலித் தொழிலாளிக்கு அதன் பக்குவம் தெரியும். அழுத்தும் இயந்திரம் வாங்க முதல் இல்லை. அவர் சிறிதாகத் தொடங்கலாம். ஒரு டன் நார்க்கழிவில் 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மட்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவாக இணைந்தால் கடன் பெறுவதும் எளிதாகும்.

எனினும், கழுவிய நீரைத் தூய்மைப்படுத்தாமல் விட்டால் அண்டைத் தோட்டத்துக் கிணறு கெடும். ஒருவர் கண்ட வாய்ப்பு மற்றவரின் வாழ்வைப் பறித்தல் ஆகாது. கழிவில் பயன் கண்ட கண், அத்தொழில் விளைக்கும் புதிய கழிவையும் காண வேண்டும். அப்போதுதான் தொழில் நிலைக்கும், ஊரும் வாழும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் வீணாகும் விளைபொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனை நாள்தோறும் கையாளும் தொழிலாளரிடம் உரையாடி, அதன் பயன்களைத் தொகுக்க.
2. ‘வாய்ப்பறிதலும் பொறுப்புணர்வும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.