பேஜ்ஸ்பீட், கம்ப்ரஷன், கேஷ்: உங்கள் சர்வருக்கு எது?

தளம் மெதுவாகத் திறக்கிறது என்றதும் சர்வரில் ஏதாவதொரு மாட்யூலை ஏற்றிவிடத் தோன்றும். அதற்கு முன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்துக்கான முதல் கோரிக்கையைப் பாருங்கள். முதல் பைட் வந்து சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகிறதென்றால், பெரும்பாலும் சிக்கல் சர்வருக்குள் இருக்கிறது. பிஎச்பியும் டேட்டாபேஸும் பக்கத்தைத் தயாரிப்பதற்கே திணறுகின்றன. முதல் பைட் சட்டென்று வந்துவிட்டு, படங்களும் சிஎஸ்எஸ் கோப்புகளும் இழுத்துக்கொண்டே போனால், அனுப்பும் சரக்கு கனம். ஒன்றுக்கான தீர்வு மற்றதற்கு உதவாது.

சரக்கின் கனத்தைக் குறைக்கவே கூகுள் 2010 நவம்பரில் அப்பாச்சிக்காக மாட் பேஜ்ஸ்பீடை வெளியிட்டது. பின்னர் என்ஜின்எக்ஸுக்கும் வந்தது. தளத்தின் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். சர்வரை விட்டுப் பக்கம் வெளியேறும் வழியில் அதுவே திருத்தி அனுப்பும். படங்களைச் சுருக்கும், ஏற்கும் பிரவுசருக்கு வெப்பி வடிவில் தரும், சிஎஸ்எஸ் கோப்புகளை ஒன்றாக்கும். கோப்பின் பெயரிலேயே உள்ளடக்கத்தின் ஹாஷைச் சேர்த்து, ஓராண்டு வரை பிரவுசரில் கேஷ் ஆகும்படி செய்யும். கோப்பு மாறினால் பெயரும் மாறும், எனவே பழைய கோப்பு தங்கிவிடாது. முதலில் வருபவரைக் காக்கவைக்காமல், அவருக்கு இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் வேலையை முடித்துக்கொள்ளும். மிக அழகாகச் சிந்தித்துக் கட்டிய மாட்யூல் அது.

ஆனாலும் புதிய தளத்தில் அதை நிறுவாதீர்கள். அது பிறந்த காலத்தில் பிரவுசர்கள் ஒரு முகவரிக்கு ஏறத்தாழ ஆறு இணைப்புகளையே திறந்தன. கோப்புகளை ஒன்றாக்கியதால் வரிசை குறைந்தது. 2015இல் வந்த ஹெச்டிடிபி/2 ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருசேர அனுப்புகிறது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதி 2019 முதல் குரோமிலும், பிறகு மற்ற பிரவுசர்களிலும், ஹெச்டிஎம்எல்லிலேயே கிடைக்கிறது. இதைவிடப் பெரிய காரணம், இன்று அதைப் பராமரிக்க ஆளில்லை. 2017இல் அப்பாச்சி இன்குபேட்டருக்குக் கைமாறிய திட்டம், அங்கிருந்து முழுத் திட்டமாகத் தேறாமலேயே மூடப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் படத்தையும் சர்வருக்குள்ளேயே பிரித்துப் படிக்கும் சி++ நிரலில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், யார் அடைப்பது? பேஜ்ஸ்பீட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளங்களில் படச் சுருக்கத்தைப் பதிவேற்றும் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதன் திருத்த வேலைகளை (ஃபில்டர்களை) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அதன் இடத்தில் வைக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி உங்கள் சர்வரோடேயே வருகிறது. அப்பாச்சியில் சுருக்குவதற்கு மாட் டிஃப்ளேட், கேஷ் காலம் குறிக்க மாட் எக்ஸ்பயர்ஸ், 2.4.26 பதிப்பு முதல் இன்னொரு சுருக்க முறையான பிராட்லிக்கு மாட் பிராட்லி. என்ஜின்எக்ஸில் ஜிஜிப் உண்டு. பிராட்லியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். என்ஜின்எக்ஸில் ஜிஜிப்பை இயக்கினால் மட்டும் போதாது. இயல்பாக அது ஹெச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வகைகளை நாமே பட்டியலில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்ட தளங்கள் ஏராளம்.

தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்குக் கம்ப்ரஷனால் கூடுதல் பலன் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவதற்கும் இரண்டே மதிப்புகள்தான். இவ்வளவு திரும்பத் திரும்ப வரும் சரக்கு நன்றாகச் சுருங்கும். பிராட்லியின் உள்ளமைந்த அகராதியில் இந்தியும் அரபியும் சீனமும் உண்டு, தமிழ் இல்லை. இருந்தாலும் நீண்ட பக்கங்களில் அதையே பரிந்துரைப்பேன். மாறாத கோப்புகளை உச்ச அளவில் முன்கூட்டியே சுருக்கி வையுங்கள். அவ்வப்போது உருவாகும் பக்கங்களுக்கு நடுத்தர அளவு போதும், இல்லையேல் சிபியு திணறும். ஜேபெக், வெப்பி படங்களைத் திரும்பச் சுருக்க வேண்டாம்.

அப்பாச்சியில் ஹெச்டிடிபி/2 வேண்டுமென்றால் ப்ரீஃபோர்க் முறையில் கிடைக்காது. மாட் பிஎச்பி பெரும்பாலும் அந்த முறையோடுதான் ஓடுகிறது என்பதால், அதை விட்டுப் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கும் ஈவென்ட் முறைக்கும் மாற வேண்டும்.

முதல் பைட்டே தாமதமாகும் தளத்துக்கு இவற்றில் எதுவும் பெரிதாக உதவாது. தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷ்தான் வழி. என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷை எடுங்கள். புதிதாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர், சர்வர் லைட்ஸ்பீடா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் அதன் வேர்ட்பிரஸ் பிளகின் எளிது. அந்தப் பிளகினின் பக்கக் கேஷ் மற்ற சர்வர்களில் வேலை செய்யாது. செய்தித் தளம் போல ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்தால் வார்னிஷ். 2006இல் வெளிவந்த அது, நார்வேயின் வெர்டென்ஸ் காங் நாளிதழின் தளத்துக்காகவே உருவானது. எதைச் சேமிப்பது, எப்போது அழிப்பது என்பதை அதற்கே உரிய மொழியில் எழுதலாம். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்காக முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒன்றை வைப்பது வழக்கம் என்பதால், கவனிக்கும் ஆள் இல்லாத இடத்தில் இது வேண்டாம்.

எந்தக் கேஷாக இருந்தாலும், லாகின் குக்கி வந்தால் கேஷைத் தாண்டிப் போகும் விதியை முதல் நாளே எழுதுங்கள். பிறகு ஒரு பிரவுசரில் லாகின் செய்து கணக்குப் பக்கத்தையும் கார்ட்டையும் திறங்கள். வேறொரு பிரவுசரில் லாகின் இல்லாமல் அதே முகவரிகளுக்குப் போங்கள். முதல் ஆளின் பெயரோ பொருளோ இரண்டாவதில் தெரிந்தால், உடனே கேஷை அணைத்துவிட்டு விதியைத் திருத்துங்கள்.