வார்டில் நிற்கப்போகும் மகளுக்கு



பெரியப்பா எழுதுவது. அடுத்த மாமன்றத் தேர்தலில் நம் வார்டுக்கு விருப்ப மனு கொடுத்திருக்கிறாய் என்று தம்பி போனில் சொன்னபோது மனசு நிறைந்துபோனது. நீ அனுப்பிய துண்டறிக்கை நகலையும் படித்தேன். ரிப்பன் மாளிகையில் மன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் வரியில் உன் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம், அடுத்து தாத்தா கட்சிக்காகச் சிறை போனது, அப்புறம் கல்லூரிப் பேச்சுப் போட்டிப் பரிசுகள். எல்லாம் உண்மைதான், பெருமைக்குரியதுதான். ஆனால் கவுன்சிலராக நிற்கச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு இருக்கக்கூடாது. படிப்பை அது கேட்பதே இல்லை. ஜனங்கள் கேட்பதோ, எங்கள் தெருவை உனக்குத் தெரியுமா என்று.

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையைப் புரட்டிப்போட்டபோது ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் சந்து சந்தாக எழுதி வைத்தாயே, அந்த நோட்டைத்தான் சொல்கிறேன். எந்த வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், எந்த வீட்டில் இடுப்பளவு, எங்கே கைக்குழந்தை, எங்கே டயாலிசிஸுக்குப் போகவேண்டிய பெரியவர், எந்த இடத்தில் மழைநீர் வடிகால் எதிர்ப்பக்கம் பாய்ந்தது என்று பென்சிலில் குறித்திருந்தாய். கூட்டப்பொருளோடு வரும் வரைபடங்களை எத்தனையோ பார்த்தவன் நான். அந்த விவரம் அவற்றில் இருக்காது. துண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அதை முதலில் போடு, மற்றதெல்லாம் பின்னால் வரட்டும்.

ஜெயித்த மறுநாளே வாசலில் கூட்டம் நிற்கும். சாக்கடை பொங்குகிறது என்பார்கள். அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பில்லர் பாக்ஸ் திறந்து கிடக்கிறது என்பார்கள், அது மின்வாரியம். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதற்கு இன்னொரு துறை. குப்பை, தெருவிளக்கு, கொசு, மழைநீர் வடிகால், பிறப்புச் சான்றிதழ், மாநகராட்சிப் பள்ளி, சொத்து வரி இவைதான் மாநகராட்சிக்கு உரியவை. யாரையும் ‘அது என் வேலை இல்லை’ என்று மட்டும் அனுப்பிவிடாதே. மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, முடிந்தால் கூடவே போ. உனக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கிறது. உதவிப் பொறியாளரைப் பொது இடத்தில் வைத்து அதட்டினால் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும், மறுவாரம் வேலை நடக்காது.

உன் பலம் மன்றக் கூட்டத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் பொருள் நிரல் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். பிரிக்காமலே கொண்டுவந்து மேசையில் வைக்கும் உறுப்பினர்கள் உண்டு. தீர்மானங்கள் மொத்தமாக வாசிக்கப்பட்டு, சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். நீ ஒவ்வொரு பக்கத்தையும் படி. மதிப்பீடு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு, எந்த நிதியிலிருந்து என்று பார்த்துக் கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். தலைவரைப் புகழ்ந்து பேச ஆள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு தீர்மானம் என்ன செய்யும் என்பதற்கு இந்த மாமன்றமே சாட்சி. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஓர் அணா என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. பசி என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகவில்லை. எந்தப் பள்ளி, என்ன செலவு என்று எழுதி நிறைவேற்றினார்கள். இடையில் அது நின்றும் போனது. ஆனாலும் 1956-இல் காமராசர் மாநிலம் முழுக்க மதிய உணவு கொண்டுவந்ததற்கும், 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதற்கும் முன்னோடி என்று இன்றும் அந்தத் தீர்மானத்தைத்தான் காட்டுகிறார்கள். சத்தியமூர்த்தியையும் நினைத்துக்கொள். மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் போராடினார். 1940-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1944-இல் வேலை முடிந்தது, அவர் 1943-லேயே போய்விட்டார். உன் ஐந்து வருஷத்துக்குள் முடியாத வேலையையும் நீ தொடங்கித்தான் ஆக வேண்டும்.

இனி வீட்டு விஷயம். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியதால்தான் நம் வார்டு உனக்குக் கிடைக்கிறது. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது. கவுன்சிலரின் கணவர், கவுன்சிலரின் அப்பா என்று கார்டு அடித்துக்கொண்டு அலுவலகத்தில் ஆட்களை மிரட்டும் கூத்து ஊருக்கே தெரிந்தது. உன் அப்பா என் கூடப்பிறந்தவன். நல்லவன், ஆனால் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்வான். மாப்பிள்ளையும் பாசத்தில் அதையே சொல்லலாம். பகுதி சபைக் கூட்டத்தில் மைக் உன் கையில் இருக்கட்டும். பொறியாளரின் போனை நீயே எடு. பெரியப்பா சொன்னார் என்று இந்தக் கடிதத்தை இருவரிடமும் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். மாநகராட்சி கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய் என்று 2023-இல் அறிவித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஆறு லட்சம். வீட்டை அடகு வைத்துச் செலவு செய்து ஜெயித்தால், அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பாய்? மணலும் ஜல்லியும் இறங்கிய வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்புவதும், ஒப்பந்தக்காரரிடம் பங்கு கேட்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கித்தான் நிற்க முடியும் என்ற நிலை வந்தால் இந்தத் தடவை நிற்காதே. கட்சி சீட்டு கொடுத்தாலும் நிற்காதே.

தோற்றாலும் அந்த நோட்டை மூடிவிடாதே. வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வரும்; கவுன்சிலர் யாராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோய்க் கொடு.

வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரம் எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரியாத நம் பெரம்பூர் வீட்டையும், நீ சேர்ந்திருக்கும் சீட்டையும் விடாமல் எழுது. தாக்கல் செய்வதற்கு முன் ஒரு நகல் எனக்கு அனுப்பிவை. கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா