நம்பிக்கைகளும் உண்மைகளும்: 93.5-க்கும் 98.3-க்கும் நடுவே

கோவையில் எஃப்.எம். கேட்பவர்கள் பலர் நம்புவது இது: 91.1-இல் ரேடியோ சிட்டி, 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 103-இல் ரெயின்போ, 106.4-இல் ஹலோ, நடுவில் இருப்பதெல்லாம் சும்மா கிடக்கும் இடம், திறந்துவிட்டால் ஐம்பது நிலையம் வந்துவிடும். எண்கள் சரி, மீதியில் பெரும்பகுதி தவறு. 93.5 என்பது புள்ளி அல்ல, பட்டை. திருகு வைத்த ரேடியோவில் மெல்லத் திருப்பினால் 93.4-இலேயே பாட்டு கரகரவென்று எட்டிப் பார்க்கும், 93.6 தாண்டினால்தான் ஓயும். எஃப்.எம்.மில் பாட்டின் ஏற்ற இறக்கம் அலையின் எண்ணையே இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசைக்கிறது. ஸ்டீரியோவும் சேர்ந்தால் மொத்த அகலம் சுமார் 250 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலையில் எண் அசைவதில்லை, வலிமைதான் கூடிக் குறைகிறது. அதனால் அங்கே 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அடுத்த நிலையத்தை வைக்கலாம். பெரியவர்களுக்குப் பழகிய கோவை வானொலியின் 999, ஒன்பதின் 111 மடங்கு!

பக்கத்து ஊர்களையும் பார்த்துத்தான் எண் கொடுக்க முடியும். எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகும். மலை மறைத்தால் தேய்ந்துவிடும், மலைமேலிருந்து புறப்பட்டால் வெகுதூரம் வரும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் கொடைக்கானலின் 100.5 கொங்குச் சமவெளியில் கேட்பது அதனால்தான். அந்த எண்ணைக் கோவையில் இன்னொருவருக்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கேரளத்து அலைகளுக்கு அது வாசல். சென்னை வெகுதூரம் என்பதால் அங்கும் இங்கும் 93.5, 98.3, 106.4 ஒரே பெயர்களோடு ஒலிக்கின்றன.

"250 போதுமென்றால் ஒரே ஊருக்குள் நிலையங்களுக்கிடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்ற விதி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே கோபுரத்தில், ஒரே ஆன்டெனாவில் பல நிலையங்களை இணைப்பதற்கும், மலிவான ரேடியோக்கள் குழம்பாமல் பிரித்தெடுப்பதற்கும் கூடுதல் இடம் தேவை. ஆனாலும் 800 தாராளம்தான். 400 போதுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-லேயே பரிந்துரைத்தது, அதை நானும் ஏற்கிறேன். அதற்காக, நிலையங்கள் குறைவாக இருப்பதற்கு இடைவெளியே காரணம் என்பதை ஏற்க முடியாது. 93.5-க்கும் 98.3-க்கும் நடுவே 800 விதிப்படியே, காகிதத்தில், ஐந்து எண்கள் அடங்கும். 2015-இல் தனியார் எஃப்.எம். விரிவாக்கத்தின் மூன்றாம் கட்டத்தின் முதல் ஏலத்தில் நாடு முழுவதும் 69 நகரங்களுக்கு 135 அலைவரிசைகள் வைக்கப்பட்டன, விலைபோனவை 97. மீதியை வாங்க ஆளில்லை, ஏனெனில் அடிப்படை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஏலத்துக்கு வெளியே வேறு வழியும் உண்டு: கோவையிலேயே பி.எஸ்.ஜி. கல்லூரியின் சமுதாய வானொலி 107.8-இல் ஒலிக்கிறது. அந்த வகை நிலையத்துக்கு ஏலம் கிடையாது, குறைந்த சக்தி போதும், போதிய தூரம் தள்ளி அதே எண்ணை வேறொருவர் பயன்படுத்தலாம். விவசாயத்துக்கும் நெசவுக்குமான வானொலி பொள்ளாச்சியிலும் பெருந்துறையிலும் வேண்டுமென்றால், விண்ணப்பிக்க வேண்டியது இந்த வழியில்தான்.